பதிவில் இல்லாத துப்பாக்கி



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் துப்பாக்கிச் சட்டம். பால் வெட்டும் உளியும் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் பிடித்துப் பழகிய கைகளுக்குத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று வீட்டில் இருக்கும் தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் துப்பாக்கியைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது உயிர்போகும் குற்றமாக ஆக்கப்பட்டபோது, அந்தச் சட்டம் பாய்ந்த இடங்களுள் ஒன்று சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டம். தூக்குமேடை ஏறியவர்களுள் ஒருவர் நம்மவர். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இன்றைய சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதும் விளங்கும்.

நம் முன்னோர்கள் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1801-ஆம் ஆண்டில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களில் இருந்த ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்கும்படி ஆணையிட்டது. பின்னர் 1878-இல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வெள்ளையருக்கோ விலக்கு உண்டு. ஆகவே மலாயாவுக்கு வந்த நம் பாட்டனார்கள் துப்பாக்கியை மறந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் எனலாம். இங்கே வந்தபின் துப்பாக்கி என்பது துரை பங்களாவின் சுவரில் தொங்கும் பொருள். கங்காணியின் கையில் பிரம்பு, கிராணியின் கையில் பேரேடு, துரையின் கையில் துப்பாக்கி என்று ஒரு வரிசை இருந்தது.

அந்த வரிசை கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் ஒருமுறை ஆட்டம் கண்டது. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஊக்கத்தால் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பெண்களைத் தொல்லைப்படுத்தலாகாது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவை கோரிக்கைகள். நாதன் கைது செய்யப்பட்டார். மே மாதத்தில் பட்டாளம் வந்து சுட்டது. ஐந்து தொழிலாளர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் செய்தவர்களிடம் துப்பாக்கி இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழே மாதத்தில் ஜப்பானியர் வந்தார்கள். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை விட்டுச்சென்ற ஆயுதங்கள் காட்டிலும் மேட்டிலும் கிடந்தன. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, தோட்டத்து இளைஞர்களும் இளம்பெண்களும் பயிற்சி முகாம்களில் சேர்ந்தார்கள். நேற்றுவரை துரைக்கு ஒதுங்கி நின்றவன் துப்பாக்கி பிடிக்கவும், குறிபார்க்கவும், நிமிர்ந்து நடக்கவும் கற்றுக்கொண்டான். ஜான்சி ராணிப் படையில் இருந்த பாட்டிமார்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் முதுகு தானாக நிமிர்ந்ததைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்றும் இருப்பார்கள். மறுபுறத்தில், காட்டுக்குள் இருந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை பிரிட்டிஷாரிடமிருந்தே ஆயுதம் பெற்றுப் போரிட்டது. போர் முடிந்ததும் 1945 டிசம்பரில் அந்தப் படை கலைக்கப்பட்டு, ஆயுதத்தைத் திருப்பித் தந்த வீரர்களுக்குத் தலைக்கு 350 டாலர் கொடுக்கப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆயுதங்கள் திரும்பி வந்தன. வராதவை மண்ணுக்குள் போயின.

இனி 1948-க்கு வருவோம். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மலாயா அரசாங்கம் மூன்று பதிவுகளைச் செய்தது. சங்கத்தைப் பதிவு செய்தது, மனிதனைப் பதிவு செய்தது, துப்பாக்கியைப் பதிவு செய்தது. பள்ளிப் பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் சொல்கின்றன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் நம் கதை புரியும் என்பது என் எண்ணம்.

முதலாவது சங்கம். அப்போது அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் என்று ஒரு பேரமைப்பு இருந்தது. 1947-இல் அதன் உறுப்பினர் தொகை இரண்டரை லட்சத்துக்கு மேல். அதில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு மிகுதி. 1948 ஜூன் மாதத்தில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகச் சேரலாம் என்று விதி வந்தது. அகில மலாயா சம்மேளனம் பதிவை இழந்து, சட்டத்தின் கண்ணில் இல்லாததாயிற்று.

ஜூன் 16-இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுவதற்கும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் வந்தது இரண்டாவது பதிவு. பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். இன்று நீங்கள் ஐ.சி. என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டை அந்த அவசரகாலத்தின் பிள்ளைதான்.

மூன்றாவது, அவசரகால விதிகளின் நான்காவது விதி. அதிகாரம் பெறாமல் துப்பாக்கியோ, தோட்டாவோ, வெடிமருந்தோ எடுத்துச்சென்றாலும் வைத்திருந்தாலும் தண்டனை மரணம். சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. யாரையும் மிரட்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. கையில் இருந்தது, பதிவில் இல்லை என்றால் அதுவே போதும்.

இப்படி ஒரு விதி வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காட்டிலிருந்து வந்தவர்கள் துரைமாரை மட்டும் சுடவில்லை. கங்காணிகளையும், காட்டிக்கொடுத்தான் என்று சந்தேகப்பட்ட ஏழைத் தொழிலாளரையும் சுட்டார்கள். தோட்டத்து லயங்களில் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் படுத்தார்கள். ஆனால் அதே வேளையில் துரைமாருக்கும், தோட்டக் காவலுக்கு எடுக்கப்பட்ட பல்லாயிரம் சிறப்புக் காவலருக்கும் ஆயுதம் வழங்கப்பட்டது. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங்காலியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஆயுதம் எதுவும் இல்லாத 24 சீனத் தொழிலாளரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் துப்பாக்கிகள் எல்லாம் முறைப்படி பதிவானவை.

பத்தாங்காலிக்குத் தெற்கே உள்ளது ரவாங். அதன் அருகிலுள்ள வாட்டர்பால் தோட்டத்தில் 1949 மார்ச் முதல் நாள் எஸ்.ஏ. கணபதி பிடிபட்டார். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூருக்கு வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்தவர். நான் மேலே சொன்ன அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் அவர்தாம். அவருடைய சங்கத்துக்கும் பதிவு இல்லை; அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட ரிவால்வருக்கும் ஆறு தோட்டாக்களுக்கும் பதிவு இல்லை.

கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் மார்ச் 15-இல் அவருக்கு மரண தண்டனை விதித்தது. பிடிபட்டு இரண்டே வாரம். யாரைச் சுட்டார் என்ற கேள்வி அங்கே எழவில்லை; நான்காவது விதிக்கு அந்தக் கேள்வி தேவைப்படவும் இல்லை. மலாயாவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த ஜான் திவியும், லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனனும் உயிர்ப்பிச்சைக்காகப் பாடுபட்டார்கள். பலிக்கவில்லை. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் அவருடைய தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் பாதுகாப்புப் படையினரின் குண்டுக்கு இரையானார். இரண்டு நாளில் இரண்டு தலைவர்கள். தமிழ்நாட்டில் கூட்டங்கள் நடந்தன. நேருவின் அரசாங்கம் மனக்கசப்பை வெளிப்படையாகவே தெரிவித்தது.

கணபதியின் அரசியலை ஏற்றுக்கொள்கிறவர்களும் இருக்கலாம், ஏற்காதவர்களும் இருக்கலாம். சட்டத்தைப் படிக்கிறவனுக்கு இங்கே உறுத்துவது வேறு. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையில் நீதிபதி நின்று யோசிப்பதற்கு ஒரு சாண் இடம்கூட அந்த விதியில் விடப்படவில்லை. கணபதியைப் போலவே அவசரகாலத்தில் தூக்குமேடை ஏறியவர்கள் இருநூறு பேருக்கு மேல்.

அதே காலத்தில் இன்னொரு தமிழர் தூக்குக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் சாம்பசிவம். கணபதியைத் தெரிந்த அளவுக்கு இவரை நம்மவர்க்குத் தெரியாது. ஆனால் சட்டக் கல்லூரி மாணவனைக் கேட்டால் கணபதியைத் தெரியாது என்பான், சாம்பசிவத்தை அறிவான்.

1948 செப்டம்பரில் ஜொகூரில் நடந்த ஒரு மோதலில் காயத்தோடு பிடிபட்டவர் சாம்பசிவம். அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, துப்பாக்கி வைத்திருந்தார். மற்றொன்று, பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்தார். இரண்டுக்குமே தண்டனை மரணம். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டு முடிவாகாமல் மறுவிசாரணைக்குப் போயிற்று. மறுவிசாரணையில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்று படிக்கப்பட்டது. “என்னிடம் துப்பாக்கியும் இருந்தது, தோட்டாவும் இருந்தது” என்பது அதன் சாரம். அதை வைத்து அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1950-இல் தீர்ப்பைச் சொன்னவர் மெக்டர்மட் பிரபு. அவர் சொன்ன வாதம் மிக எளியது. ஆனால் அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. ஒருவன் தோட்டா வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டால், அதே குற்றத்துக்காக அவனை மறுபடி தண்டிக்கக் கூடாது என்பது மட்டும் அதற்குப் பொருளன்று. அவனிடம் தோட்டா இல்லை என்பதே உண்மை என்று அதற்குப் பிறகு எல்லா நீதிமன்றமும் கொள்ள வேண்டும். அப்படியானால், “தோட்டா இருந்தது” என்று சொல்லும் வாக்குமூலத்தில் பாதி உண்மையில்லை. பாதி உண்மையில்லாத காகிதத்தின் மீதிப் பாதியை நம்பி ஒரு மனிதனைத் தூக்கிலிடலாமா? முதல் தீர்ப்பின் பயனை இரண்டாம் விசாரணையில் சாம்பசிவத்துக்குக் கொடுக்கவில்லை என்று கூறி, தண்டனையைத் தள்ளுபடி செய்தார்கள். அவர் உயிர் தப்பினார்.

பத்துத் தோட்டாக்கள் அவரைக் கொல்ல இருந்தன. அதே பத்துத் தோட்டாக்கள் அவரைக் காப்பாற்றின. இந்தத் தீர்ப்பு இன்றுவரை பல நாட்டு நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2000-இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் சாம்பசிவத்தின் தீர்ப்பு எதுவரை செல்லும் என்று வரிவரியாக ஆராய்ந்தது.

கணபதிக்கும் சாம்பசிவத்துக்கும் சட்டம் ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். ஒருவருக்கு இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்தது. மற்றவருக்கு மேல்முறையீட்டுக்குக் காலம் கிடைத்தது.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. அதன் சட்டங்களோ வேறு உடையில் தொடர்ந்தன. 1960-இல் ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. முன்னது உரிமத்தையும் பதிவையும் பற்றிய சாதாரணச் சட்டம். பின்னதின் 57-ஆம் பிரிவு, பாதுகாப்பு வட்டாரம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாய மரண தண்டனை என்றது. நான்காவது விதியின் வாரிசு என்று சொல்லிவிடலாம். எழுபதுகளில் கோலாலம்பூரைக் கலக்கிய கொள்ளைக்காரன் பொட்டாக் சின் 1981 ஜூனில் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் இந்தப் பிரிவின்படிதான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீக்கப்பட்டது.

கொள்ளைகள் பெருகியதால் 1971-இல் இன்னொரு சட்டம் வந்தது. துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை உயர்த்தும் சட்டம் அது. இதுவும் 1960-இன் ஆயுதச் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தின்படி ஏழு ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டால் பதினான்கு ஆண்டுவரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும். எந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டுவது என்பது அரசுத் தரப்பின் கையில் இருக்கிறது. ஆயுதம் வைத்திருப்பவனோடு கூட்டுச் சேர்ந்து திரிவதும் தனிக் குற்றம். “நான் சும்மா கூடப் போனேன்” என்று சொல்லும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆயுதம் என்றால் எது? என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “ஐயா, மேகசின் என்றால் புத்தகம்தானே, அதற்கு ஏன் போலீஸ் பிடிக்கிறது?” செய்தித்தாளில் படித்துவிட்டு வந்திருக்கிறான். கிடங்கு என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. செய்திகளை அடைத்து வைத்தால் மாத இதழ். தோட்டாக்களை அடைத்து வைத்தால் துப்பாக்கியின் தோட்டாக்கூடு. நம் நாட்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்னும்போது அதன் உறுப்புகளையும் சேர்த்தே சொல்கிறது. சத்தத்தை அடக்கும் குழாயும் அதில் அடங்கும். காற்றுத் துப்பாக்கியும் அதில் அடங்கும். கொக்கு சுடுவதற்கு என்று யாரோ விற்ற காற்றுத் துப்பாக்கியை லயத்து வீட்டுப் பரணில் செருகி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அசல் போலவே தோன்றும் போலித் துப்பாக்கிக்கும் அதே சட்டத்தில் தடை உண்டு.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் கூட்டை விற்பது குற்றம். எல்லை தாண்டி நெவாடாவுக்குப் போனால் அப்படி ஒரு கணக்கே இல்லை. நம் நாட்டில் ஆயுதம் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கிள்ளானுக்கு ஒரு சட்டம், பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு சட்டம் என்பது கிடையாது. ஆனால் உரிமம் கொடுக்கும் பேனா அந்தந்த மாநிலத் தலைமைப் போலீஸ் அதிகாரியின் கையில் இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்புரிமை. உரிமம் ஆளுக்குத்தான்; குடும்பத்துக்கு அன்று. காட்டுப்பன்றி வேட்டைக்கு வரும் உரிமக்காரர் தம் துப்பாக்கியை உங்கள் மகனிடம் கொடுத்து, “தம்பி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்” என்றால், அந்தக் கொஞ்ச நேரமும் சட்டத்தின் கண்ணில் நேரம்தான். உடைமை, பாதுகாப்பு, கட்டுப்பாடு ஆகிய மூன்றில் எது இருந்தாலும் போதும் என்பது சட்டத்தின் வாசகம். பொருள் யாருடையது என்பது இரண்டாவது கேள்வி.

மரண தண்டனையின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொள்ளை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால், யாருக்கும் காயம் படாவிட்டாலும் கட்டாய மரணம் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் சொல்லிவந்தது. 2023-இல் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு ஜூலை 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது நீதிபதி மரணம் விதிக்கலாம், அல்லது முப்பது முதல் நாற்பது ஆண்டுவரை சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம். கணபதிக்கு மறுக்கப்பட்ட அந்த ஒரு சாண் இடம் எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நீதிபதிக்குக் கிடைத்தது. அவரைத் தூக்கிலிட்ட புடு சிறை 1996-இல் மூடப்பட்டு, பின்பு இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் பேரங்காடி எழுந்துவிட்டது.

முடிக்குமுன் ஒன்று. பழைய ரப்பர்க் காடுகள் அழிந்து வீட்டுமனைகளாகும்போது, போர்க்காலக் குண்டுகளும் தோட்டாக்களும் மண்ணிலிருந்து வெளிப்படுகின்றன. அப்படி எது கண்ணில் பட்டாலும் கையால் தொடாதீர்கள். பழைய இரும்புக்கு விலை போகும் என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ 999 எண்ணுக்கோ சொல்லுங்கள். சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்துப் புகார் எழுதச்சொல்லி, அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.